ஜோடி டயர்

என் மாமனாருக்கு மாடு பிடிக்கத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் யார் உழவு மாடு வாங்கினாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நிறம், கொம்பு, உயரம், நடை எல்லாம் ஒத்துப்போகிற இரண்டு மாடுகளை அத்தனை பெரிய மாட்டுத்தாவணிச் சந்தையில் அரை மணி நேரத்தில் பொறுக்கிவிடுவார். ஆனால் மாடு தெரிந்தவருக்கு டயரும் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் ஏன் முடிவு கட்டினார்கள்? இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

உலக யுத்தம் முடிந்த பிறகு ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் இருந்த வயலுக்கு என் வீட்டுக்காரர் அதில்தான் போய்வருவார். இரண்டு டயரும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. புதுசு வாங்க அப்பாவும் பிள்ளையும் திருநெல்வேலிக்குப் போனார்கள். கடைக்காரர் முறையாகத்தான் எடுத்து வைத்திருக்கிறார். முன் சக்கரத்துக்கு, சுற்றிலும் நீளக் கோடு ஓடுகிற டயர். பின் சக்கரத்துக்கு, கட்டம் கட்டமாகத் தடித்த ரப்பர் வைத்த டயர். மாமனார் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "என்னவே இது? ஒண்ணு கோடு, ஒண்ணு கட்டம். இதுவா ஜோடி?" என்று கேட்டாராம். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். "ஜோடின்னா ஒண்ணுபோல இருக்கணும்வே. எங்கிட்டயேவா?" என்று மாமனார் மடக்கியதும், வியாபாரம் கெட்டுவிடக் கூடாதென்று கோடு போட்டதிலேயே இரண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு சக்கரமும் ஒரே அளவு என்பதால் மாட்டுவதில் சிக்கல் வரவில்லை. மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி டயரில் சுழி பார்க்காததுதான் பாக்கி.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று பரணில் கிடந்தது. நான் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன். அதில் படம் போட்டே காட்டியிருந்தது, முன்னுக்கு ஒரு மாதிரி, பின்னுக்கு வேறு மாதிரி என்று. என் வீட்டுக்காரரிடம் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். "ஏட்டி, அப்பா பாத்து எடுத்திருக்காக. நீ போய் சோலியப் பாரு" என்றார். புத்தகத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

வெயில் காலத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வருகிறவர்களை மாமனார் வாசலுக்குக் கூட்டிப்போய், எப்படி ஜோடி சேர்த்திருக்கிறேன் பார் என்று குனிந்து பார்க்க வைப்பார். அவர்களும் குனிந்து பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. குருவிகுளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக மனுப் போட்டுக் காத்திருந்த வேலை. மூன்று நாளாக மழை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையே மாட்டுவண்டியில் போய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வீட்டுல மோட்டார் நிக்கும்போது மாட்டுவண்டியா? பாக்கவன் சிரிக்க மாட்டானா?" என்று மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

குருவிகுளம் வரை சரளை ரோடு. பாதகமில்லாமல் போய்ச் சேர்ந்தோம். அதற்கப்புறம் கரிசல் காட்டு வண்டிப்பாதை. நூறு கஜம் போவதற்குள் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டது. டயரின் கோடுகளெல்லாம் அடைபட்டு, இரண்டு டயரும் பழையபடி மொட்டையாகிவிட்டன. முன் சக்கரம் திருப்பின பக்கம் திரும்பியது. பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. "இறங்கித் தள்ளு" என்றார் என் வீட்டுக்காரர். தள்ளினேன். சக்கரம் வாரி அடித்த சகதி முகத்திலும் சேலையிலும் விழுந்தது. கொஞ்ச தூரம் போகும், மறுபடி புதையும். மறுபடியும் "தள்ளு" என்பார். அந்தப் பின் சக்கரம் செய்ய வேண்டிய வேலையைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

அவர் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று. இன்னும் இரண்டு மைல் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, நடுக்காட்டுல என்னைய விட்டுட்டா போற?"

"நீங்க ஜோடி டயரோட இருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடந்தேன் என்பது சும்மா. ஓடினேன், இரண்டு இடத்தில் விழுந்தேன்.

தலைமையாசிரியர் வயசான மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிஷம் இருக்கும்மா. கையைக் கழுவிட்டு வந்து போடுங்க" என்றார். கையெழுத்துப் போடும்போது கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷத்தில் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு வந்தது ஆத்திரம்.

சாயங்காலம் வீடு திரும்பினோம். வண்டியை அந்த ஊர்க்காரர்கள் இரண்டு உழவு மாடுகளைக் கட்டி இழுத்துத்தான் ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். நான் தலையிலிருந்து கால் வரை சகதியாக நிற்கிறேன். வேலையில் சேர்ந்தாயா என்று ஒரு வார்த்தை இல்லை. "டயருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முகத்துக்கு நேரே நான் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "மாமா, மாடு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரே வேலை பாக்குது. சக்கரம் அப்படி இல்ல. முன்னால உள்ளது வழி காட்டுது, பின்னால உள்ளதுதான் தள்ளுது. தள்ளுததுக்குப் பிடி வேணும்."

அவர் என்னைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார். "வேலை கிடைச்ச அன்னைக்கே வாயும் வந்துட்டு, பாத்தியாலே" என்றார்.

பத்து நாளில் பின் சக்கரத்துக்குக் கட்டம் போட்ட டயர் வந்தது. அந்த வாரமே புளியங்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். நான் மோர் கொண்டுபோனபோது மாமனார் வண்டிப் பக்கத்தில் நின்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "முன்னால உள்ளது வழி காட்டுது, பின்னால உள்ளதுதான் தள்ளுது. தள்ளுததுக்குப் பிடி வேணும்லா? உக்காந்து யோசிச்சேன், பிடிபட்டுட்டு."

"அண்ணாச்சிக்குத் தெரியாதது உண்டா?" என்றார் வந்தவர்களில் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். கரிசல் காட்டில் நான் பின்னால் நின்று தள்ளியபோது வண்டிமேல் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.