உபயம் கந்தசாமி, செய்தது ரஞ்சினி

பூட்டப் போகிறார்கள்

எங்கள் ஸ்ரூடியோ கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயில் போனால் மேசை ஆடும், மௌஸ் தானாக நகரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ரயில் சத்தம் கேட்டால் உடனே 'சேவ்' பண்ணு என்பதுதான். அப்படி ஒரு காலை ரயில் போய் மேசை ஆடி முடியவில்லை, எங்கள் முதலாளி கிருபா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். என்னைவிட நிறைய இளையவன். முதலாளி என்றாலும் எனக்கு அவன், அவன்தான்.

"பரமேஸ் அக்கா, பூட்டப் போறாங்களாம்."

"எதையடா?"

"உலகத்தை."

உலகம் என்று அவன் சொன்னது, ஒரு வெளிநாட்டு நிறுவனம் இணையத்தில் நடத்திவந்த மெய்நிகர் உலகத்தை. ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடக்கலாம், கதைக்கலாம், காணி எடுத்து வீடு கட்டலாம். அதற்குள் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நான் முன்பு வீட்டுப் பிளான் கீறிக்கொண்டிருந்தவள். வாசல் படலையை எந்தப் பக்கம் வைப்பது என்று புருசனும் பெண்சாதியும் என் முன்னால் சண்டை பிடிப்பதைப் பார்த்துப் பழகியதால், இந்த வேலையும் எனக்கு ஒத்து வந்தது.

எங்கள் பெரிய வாடிக்கையாளர், வடக்குக் கரையில் உள்ள ஓர் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களின் சங்கம். தங்கள் ஊர் அம்மன் கோயிலை அந்த உலகத்துக்குள் கட்டித் தரக் கேட்டார்கள். திருவிழாவுக்கு லீவு கிடைக்காதவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்தபடியே வந்து வடம் பிடிக்கலாம். ஊர் ஐயரிடம் கேட்டோம். "உது பிரதிட்டை பண்ணின கோயில் இல்லை. பாத்துக் கும்பிடுறதிலை குற்றமில்லை" என்றார். அது போதும் என்று தொடங்கிவிட்டோம்.

இப்போது அந்த நிறுவனம், மார்கழியோடு அந்த உலகத்தை ஓட்டும் கணினிகளை, சேவர்களை, நிறுத்தப் போவதாக அறிவித்துவிட்டது. அதற்குள் பொருட்களை அவரவர் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பொருளில் 'படைத்தவர்' என்ற இடத்தில் எந்தக் கணக்கின் பெயர் இருக்கிறதோ, அந்தக் கணக்கால் மட்டுமே அதை இறக்க முடியும்.

"பிரச்சினையே இல்லை அக்கா," என்றான் கிருபா. "எல்லாத்தையும் இறக்கி எங்கடை சொந்த சேவரிலை ஏத்துவம். இனி ஒருத்தன்ரை உலகத்திலை குடியிருக்கிற சோலி வேண்டாம்."

பொருட்களை மொடலாகச் செதுக்கும் எங்கள் ரஞ்சினி உடனே தன் திரையில் கோயில் வாசலில் நின்ற தேரைக் கிளிக் பண்ணிப் பார்த்தாள். அந்தத் தேரைக் கட்டியது அவள். திரையில் வந்தது: 'படைத்தவர்: கந்தசாமி, ரொறன்ரோ.'

"வெண்ணெய் திரளேக்கை தாழி உடைஞ்ச மாதிரித்தான்," என்றேன் நான். வேறு என்ன சொல்ல?

டியூப் லைட்டில் பெயர்

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கோயில்களில் யார் எதைக் கொடுத்தாலும் அதில் 'உபயம்' என்று போட்டுத் தங்கள் பெயரை எழுதுவார்கள். மணியில் பெயர், மின்விசிறி இதழில் பெயர், டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர். அப்படிப் பழகிய சனத்துக்குத்தான் நாங்கள் மெய்நிகர்க் கோயில் கட்டினோம்.

பெயரை ஒவ்வொரு பொருளிலும் வடிவாக எழுதிக் கொடுத்தோம். போதாதாம். யாரோ ஒருவர் மணியைக் கிளிக் பண்ணிப் பார்த்துவிட்டார். 'படைத்தவர்: ரஞ்சினி' என்று இருந்திருக்கிறது. அடுத்த நாளே போன் வந்தது.

"காசு குடுத்தது நாங்கள். ஆர் உந்த ரஞ்சினி? எவடம்?"

எங்கள் பக்கத்தில் 'எவடம்' என்று கேட்டால் ஊரை மட்டும் கேட்பதில்லை. சாதியையும் சேர்த்துத்தான் கேட்பது. ரஞ்சினி கடற்கரைப் பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். எனக்கு வந்த விசருக்கு அந்த ஆளை நாலு கேள்வி கேட்டிருப்பேன். கிருபா போனைப் பறித்துவிட்டான். பிறகு அவன் மூளையில் உதித்ததுதான் அந்த அருமையான யோசனை: ஒவ்வோர் உபயகாரர் பெயரிலும் ஒரு கணக்குத் திறப்பது, மணியையும் சேர்த்து எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்குள் நின்றே புதிதாகக் கட்டுவது, கட்டி முடிந்ததும் கணக்கை அவரிடமே கொடுப்பது. அவர்களும் வாங்கிய கையோடு பாஸ்வேட்டை மாற்றிவிட்டார்கள்.

அதனால் ரஞ்சினி மாதக்கணக்காக, வேட்டி கட்டி வெறும் மேலோடு நிற்கும் தேர் உபயகாரர் கந்தசாமியாரின் உருவத்தில் ஏறி நின்றுதான் தேர் கட்டினாள். சிற்பம் ஒவ்வொன்றும் அந்த உலகத்துக்குள்ளேயே செதுக்கியது. எங்கள் கணினியில் அதன் ஒரு துண்டுகூட இல்லை. அவள் அந்தத் தேருக்கு எழுதிய ஸ்கிரிப்டுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. வடத்தில் போதிய ஆட்கள் கை வைக்காவிட்டால் தேர் அசையாது. தனி ஆள் எவ்வளவு இழுத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

மார்கழிக்குள் கந்தசாமியார் மனம் வைக்காவிட்டால் அந்தத் தேர் அழிந்துவிடும். ரஞ்சினியின் வேலை என்று காட்ட உலகத்தில் வேறொன்றும் இருக்காது. அவள் வீட்டில் ஏற்கெனவே, "கொம்பியூட்டரிலை விளையாடப் போறாள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டாவதாகக் கூப்பிட்ட குற்றம்

மற்ற உபயகாரர்கள் எல்லோரும் உதவினார்கள். மணிக்காரப் பாரிஸ் அம்மா பாஸ்வேட்டை மறந்து, மகனைக் கேட்டு, மகன் மருமகளைக் கேட்டு, கடைசியில் அது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததாம். மயில் வாகனம் லண்டன் டொக்டரிடமிருந்து வந்தது. கோபுரம் வந்தது. தேர் மட்டும் வரவில்லை.

கந்தசாமியார் ரொறன்ரோவில் பலசரக்குக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சங்கத்தோடு கோபம். காரணம் காளாஞ்சி. பூசை முடிந்ததும் உபயகாரருக்குக் கொடுக்கும் தேங்காயும் வெற்றிலை பாக்கும்தான் காளாஞ்சி. அதை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில்தான் எங்கள் ஆட்களின் மானம் முழுக்க இருக்கிறது. போன திருவிழாவில் முதல் காளாஞ்சிக்கு லண்டன் டொக்டரைக் கூப்பிட்டுவிட்டு, தேர்த் திருவிழா நாளிலேயே கந்தசாமியாரை ரெண்டாவதாகக் கூப்பிட்டுவிட்டார்கள். திரையில் தெரிகிற தேங்காய்தான். ஆனாலும் ரெண்டாவது ரெண்டாவதுதானே!

எங்கள் காலை அவருக்கு முன்னிரவு. நான் போன் எடுத்துக் கதைத்தேன்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா உள்ளை போய் ஒரு பட்டனை அமத்தினால் போதும்."

"தங்கச்சி, தேர் என்ரை. வச்சிருக்கிறதும் விடுறதும் என்ரை விருப்பம்."

"அண்ணை, வச்சிருக்கேலாது. அவங்கள் பூட்டினால் எல்லாம் போயிடும்."

"போகட்டும். சங்கத்துக்குக் குடுக்கிறதிலும் பாக்க அது அழியட்டும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கவில்லை என்பது இதைத்தான். அவ்வளவு பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டு போ என்கிறது, இவர் விட மாட்டாராம். சங்கத் தலைவரிடம் ஒரு சொல் மன்னிப்புக் கேட்கச் சொன்னோம். அவர் அதற்குமேல். "நாங்கள் ஏன் கேக்கோணும்?" என்று போனை வைத்துவிட்டார். கார்த்திகை விளக்கீடும் போய்விட்டது, மார்கழி வாசலுக்கு வந்துவிட்டது.

"நீயே கதை பிள்ளை," என்றேன் ரஞ்சினியிடம். "எனக்கு இனி வாயில் நல்ல சொல் வராது."

கடைசிக் குதிரை

வீடியோவில் அவரைக் கூப்பிட்டோம். கந்தசாமியார் கம்பளித் தொப்பியோடு இருந்தார்.

"ஆர் பிள்ளை நீர்?"

"ஐயா, நான் ரஞ்சினி. உங்கடை உருவத்திலை நிண்டு தேர் கட்டினது நான்தான்."

"ஓ. எவடம்?"

எனக்குச் சுரீரென்று ஏறியது. போனை வைக்கக் கையை நீட்டினேன். ரஞ்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடற்கரை, ஐயா. அப்பா கடலுக்குப் போறவர்."

அவர் முகத்தைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து அவளைப் பார்த்தார். நான் மனதுக்குள் அவரைத் திட்டத் தொடங்கிவிட்டேன். பிறகு அவர் கேட்டார்:

"அந்த இடப்பக்கக் கடைசிக் குதிரை தலையைத் திருப்பி மற்றதைப் பாக்குது. அது பிழையோ, வேணுமெண்டு செய்ததோ?"

"வேணுமெண்டுதான் ஐயா. நாலும் நேரை பாத்தால் கடையிலை வாங்கின பொம்மை மாதிரிக் கிடந்தது."

"நானும் நினைச்சனான், ஆரோ மனசு வச்சுச் செய்திருக்கினம் எண்டு." அவர் தொப்பியைக் கழற்றினார். "நான் பின்னேரத்திலை போய் அதுக்குக் கீழை நிக்கிறனான். ஒருத்தரும் வாறேல்லை. ஒருக்கா இழுத்தும் பாத்தன். அசையேல்லை."

"தனியா அசையாது ஐயா. அப்பிடித்தான் செய்தது."

எனக்கு அந்த மனிசனில் இருந்த கோபம் அப்போதே பாதி போய்விட்டது. தினமும் தனியாகப் போய்த் தேருக்குக் கீழே நிற்கிற ஆளை நான் என்ன திட்டுவது?

"சங்கத்திட்டைக் குடுத்தால் தங்கடை தேர் எண்டு ஆக்கிப்போடுவாங்கள் பிள்ளை," என்றார்.

"சங்கத்துக்குக் குடுக்க வேண்டாம் ஐயா. உங்கடை வீட்டிலையே நிக்கட்டும்."

நான் அவள் முதுகில் இடித்தேன். அவள் அசையவில்லை. ஆனால் அவள் சொன்னது நடக்கிற காரியம்தான். நாங்கள் மாறப்போகிற மென்பொருள் ஒரு நிறுவனத்தின் கையில் இல்லை. யாரும் தன் வீட்டுக் கணினியில் ஓர் உலகம் நடத்தலாம், அதை மற்ற உலகங்களோடு இணைக்கலாம். ஒவ்வொரு வீட்டு வளவும் அவரவருக்கு, வளவுகளுக்கு நடுவில் போகிற சின்னத் தெரு, அந்த ஒழுங்கை மட்டும் எல்லோருக்கும் பொது. கோயில் கொக்குவில் சேவரில் இருக்கும். தேர் ரொறன்ரோவில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கணினியில் நிற்கும். திருவிழா அன்று இணைப்பைத் திறந்தால் கோயிலுக்கு வந்து வீதி சுற்றிவிட்டு அவரிடமே திரும்பிப் போகும்.

"அப்ப என்ரை பேர்?" என்று கேட்டார் கந்தசாமியார். அதை மறப்பாரா!

"உபயம் எண்ட இடத்திலை உங்கடை பேர். செய்தது எண்ட இடத்திலை என்ரை பேர். ரெண்டும் இருக்கட்டும் ஐயா."

"என்ரை பேர் மேலை வரோணும்."

"ஓம் ஐயா. மேலையே வரட்டும்."

அவரைக் கொண்டு அந்தப் பட்டனை அமத்துவிக்க நான் பட்ட பாடு தனிக் கதை. ரைட் கிளிக் பண்ணுங்கோ என்றால், மௌஸைத் தூக்கி வலது பக்கம் வைக்கிறார். கடைசியில் தேர் இறங்கியது. குதிரைகள் நாலும் இருந்தன, கடைசிக் குதிரை பக்கத்தைப் பார்த்தபடியே நின்றது. ரஞ்சினி எழும்பி வெளியே போனாள். கிணற்றடியில் நின்று முகம் கழுவிவிட்டு வந்தாள்.

வடத்தை விடாதேங்கோ

சொந்த சேவரில் முதல் தேர்த் திருவிழா. கனடாவில் அது முதல் நாள் இரவு, லண்டனில் விடியப்புறம், எங்களுக்குக் காலை. நல்ல சனம். ரொறன்ரோ இணைப்பைத் திறந்ததும் தேர் வாசலில் வந்து நின்றது. வடத்தில் கைகள் சேர்ந்தன, தேர் அசைந்தது, ஸ்பீக்கர் கிழியிற மாதிரி அரோகரா. எனக்கு வந்த சந்தோசப் புழுகத்துக்கு நானும் மேசையில் தட்டினேன்.

தெற்கு வீதி திரும்பும்போது தேரைக் காணவில்லை.

வடம் இருக்கிறது, பிடித்துக்கொண்டு சனம் நிற்கிறது, தேர் இல்லை. கிருபாவுக்கு வேர்த்துவிட்டது. நான் கந்தசாமியாருக்குப் போன் அடித்தேன். அவருடைய மனிசி கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போட்டிருக்கிறா, கரண்ட் பிரேக்கர் விழுந்து தேர் நிற்கிற கணினியும் அணைந்துவிட்டது!

"அண்ணை, நடுவீதியிலை தேரைக் காணேல்லை. மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"அம்மன்ரை தேரடி! நிப்பாட்டு!" என்று அவர் கத்தியது எனக்குப் போனில் கேட்டது.

சங்கத்தின் அறிவிப்பாளர் நல்ல கெட்டிக்காரர். "அடியார்களே, தேர் இப்ப வரும், ஒருத்தரும் வடத்தை விடாதேங்கோ" என்றார். ஒருவரும் விடவில்லை. இல்லாத தேரின் வடத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு நாட்டுச் சனம் தேவாரம் பாடியது. தேர் திரும்பி வந்தபோது, வேட்டி கட்டிய கந்தசாமியாரும் கூடவே வந்து வடத்தில் கை வைத்தார்.

தேர் வீதி சுற்றித் தன் இருப்பிடத்துக்கு வந்ததும் காளாஞ்சி. "முதல் காளாஞ்சி, தேர் உபயகாரர், ரொறன்ரோ கந்தசாமி ஐயா!" தேர் அவர் வீட்டில் நிற்கும்போது சங்கத்துக்கு வேறு வழி ஏது?

கந்தசாமியாரின் உருவம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டார்கள். பிறகு மைக் கரகரத்தது.

"கேக்குதோ? ஆ, கேக்குது. முதல் காளாஞ்சியைத் தேர் செய்த பிள்ளைக்குக் குடுங்கோ. பேர் ரஞ்சினி. எங்கடை கடற்கரைப் பிள்ளை. நான் ரெண்டாவது வாங்கிறன்."

எனக்குப் பக்கத்தில் இருந்த ரஞ்சினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் கதிரையை உதைத்தேன். "போ பிள்ளை! போய் வடிவாக் குனிஞ்சு வாங்கு!" அன்றுதான் அவள் தன் சொந்த உருவத்தில், நீலப் பாவாடை தாவணியில், அந்தக் கோயிலுக்கு வந்திருந்தாள். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். வாங்கினாள். நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவளுடைய அப்பா கரையில் நின்று போனில் பார்த்திருக்கிறார். உடனே எடுத்தார். "பிள்ளை, காளாஞ்சி எண்டால் தேங்காய் இருக்கோணுமே. எங்கை, வீட்டை கொண்டாறியோ?" நான் சந்திக் கடையில் ஒரு முழுத் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வாங்கி அவள் பையில் வைத்து அனுப்பினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். செய்த பொருள் உங்கள் வளவில் நிற்கட்டும், ஒழுங்கையை மட்டும் பூட்டாதேயுங்கள். கொடுத்தவர் பெயரைப் போடுங்கள், செய்தவர் பெயரையும் போடுங்கள். எங்கள் ஸ்ரூடியோவில் இப்போது ஒரு திருநீற்றுத் தட்டுக்குக்கூட ரெண்டு வரி உண்டு.

அந்தக் காளாஞ்சியில் ரஞ்சினி திரையில் வாங்கிய தேங்காயையும் ஒருக்கால் கிளிக் பண்ணிப் பாருங்கள். செய்தது: பரமேஸ்வரி.