ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்

எனக்கு நான்கு வருடமாக இடுப்பு வலி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்; இடுப்பு ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் செய்து குணமாகியிருந்தது.

"எனக்குச் செஞ்ச மாதிரியே உனக்கும் செஞ்சிருவோம். எதுக்குப் பயப்படுத?" என்று மதுரையில் அதே டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சாருக்கு நரம்பு நசுங்கிக் கால் வலுவில்லாமப் போச்சு, அதனால ஆபரேஷன் செஞ்சேன். உங்களுக்கு அப்படி இல்லம்மா. ஆபரேஷன் செஞ்சாலும் இந்த வலி போகும்னு உறுதியாச் சொல்ல முடியாது. மொதல்ல உடற்பயிற்சி செஞ்சு பாருங்க."

மறுநாள் காலை நான் பாய் விரித்துப் படுத்ததும், கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ம், காலத் தூக்கு. பத்து எண்ணுதேன், அதுக்கு முன்னால எறக்கக்கூடாது."

ஆறு மாதம், பரேடு எடுப்பதுபோல் தினமும் எண்ணினார்.

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் மத்தியானம் வரை உட்கார்ந்து டைப் அடிக்க முடிகிறது. வலிக்கிற நாளிலும், இடுப்பு ஒடிந்துவிடுமோ என்ற பழைய பயம் இப்போது வருவதில்லை.