அரை நாள் வேலை, முழு மருந்து

விழுப்புரத்தில் நான் வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் சிரித்தார்கள். வேலை கேட்டதற்காக அல்ல, எப்படிப்பட்ட வேலை கேட்டேன் என்பதற்காக. மதியத்துக்கு மேல்தான் வருவேன், பாதிக் கூலி போதும், ஆனால் என் மனைவியின் வைத்தியம் அந்த வேலையோடு சேர்ந்து வர வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். லாரி ஆபீஸில் இருந்தவர் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க வாய்யா, இவரு சொல்றத வந்து கேளு" என்றார். பிறகு என்னிடம், "இன்னொரு வாட்டி சொல்லுப்பா" என்றார்.

நான் சொல்லவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மறுநாள் காபி ஓட்டலுக்குப் போய் அதையேதான் கேட்டேன். அதற்குப் பிறகு அரிசி மில்லில் கேட்டேன். சிரிப்பு பழகிவிட்டது.

நயா பைசா வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் ஒரு கருவேல முள் குத்தி, அது புண்ணாகி, ஆறவே இல்லை. பார்த்த டாக்டர் எங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். தினமும் இன்சுலின் போட்டால் கால் நிற்கும். விட்டுவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். அந்த மருந்தைக் கடையில் வாங்கத்தான் வேண்டும். விலை எங்களுக்கு எட்டாதது.

அப்போது நான் முழு நாளும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். புண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை; அந்தக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. காலையில் கம்பவுண்டர் வீட்டுக்கு அவளை அழைத்துப்போய் ஊசி போட்டு வர வேண்டும், புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும், கேப்பைக் களி கிண்ட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நான் வெளியே போக முடியும். அதனால்தான் அரை நாள் வேலை. அதனால்தான் மருந்தும்.

இப்படிக் கேட்கலாம் என்ற நினைப்பே எனக்கு எதிர்வீட்டுப் பெண்ணிடமிருந்து வந்தது. அவள் கணவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற ஆள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ரயில்வே டாக்டரிடம் போய் மருந்து வாங்கி வருவாள். "பரவாயில்லையே, தர்மமா குடுக்கிறாங்களே" என்றேன் ஒரு நாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணே இப்படிச் சொல்றீங்க? தர்மமா? அவரு வெயில்ல வேவுறாரே, அதுல சேந்ததுதான் இது. சம்பளம் ஒரு கை, வைத்தியம் ஒரு கை." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பாடம்போல மனதில் நின்றது.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற ஒரு மில்லில் டாக்டர் சீட்டு தருகிறார்கள் என்று ஒரு லாரி ஆள் சொன்னார். மில் முதலாளி கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொண்டுபோனால் கடைத்தெரு டாக்டர் பணம் வாங்காமல் பார்ப்பார், மருந்தும் தருவார், வேலை செய்கிறவனின் குடும்பத்துக்கும் உண்டு. அந்த வாரமே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, மனைவியை பஸ்ஸில் ஏற்றித் திண்டிவனம் வந்துவிட்டேன். மில்லில் மதியத்துக்கு மேல் கடலைத் தோலை மூட்டை கட்டுகிற வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் சீட்டைப் பற்றி முன்கூட்டிக் கேட்காமல் விட்டேன்.

கேட்டபோது கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "சீட்டு முழு நாள் ஆளுங்களுக்குத்தாம்பா. நீ அரை நாளு. வேணும்னா உன் ஊட்டுக்காரிக்கு அரை ஊசி போடச் சொல்லட்டுமா?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். "நோவு அரை நாளா வருது?" என்று கேட்க நினைத்தேன். தோல் மூட்டைகளிடம் போய்விட்டேன். கையில் இருந்த ஒரே மருந்துப் புட்டியை மனைவி ஈர மணல் போட்ட பானையில் புதைத்து வைத்திருந்தாள், சூட்டில் கெட்டுப்போகக் கூடாது என்று. வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

மில்லில் ஒரு ஜோடி மாடு உண்டு. காலையில் கூட்ஸ் ஷெட்டுக்கு மூட்டை இழுக்கும். நான் மதியம் உள்ளே நுழையும்போது இரண்டும் கொட்டகையில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். அதில் வலது மாட்டுக்கு நுகத்தடி அழுத்திக் கழுத்தில் புண். வெள்ளிக்கிழமைதோறும் மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்து மருந்து போடுவார். ஒரு வெள்ளிக்கிழமை நான் தோல் மூட்டையோடு கொட்டகையைக் கடந்தபோது முதலாளி பக்கத்தில் நின்று, "இன்னா மருந்தா இருந்தாலும் பரவால்ல டாக்டர், நல்லதா போடுங்க. மாடு நமக்கு முக்கியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூட்டையை இறக்கினேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"முதலாளி, இந்த மாடுங்க காலையில மட்டும்தாங்க வேலை செய்யுது."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"அதுங்களும் அரை நாளுதாங்க. அதுங்களுக்கு முழு மருந்து குடுக்கிறீங்க."

முதலாளி சிரித்தார். "அப்படியா சேதி? சரி, அடுத்த வெள்ளிக்கிழமை உன் பொண்டாட்டியக் கூட்டியாந்து இந்த மாட்டுப் பக்கத்துல கட்டு. டாக்டரையே பாக்கச் சொல்றேன்."

வீட்டில் நான் இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். சோறு இறங்காததைப் பார்த்து அவளே கேட்டு வாங்கிவிட்டாள்.

"கயிறு அவங்க குடுப்பாங்களா, நாம எடுத்துக்கினு போவணுமா?" என்றாள்.

"விளையாடாத."

"நான் இன்னா விளையாடறேன்? வரச் சொன்னது அவுரு. வர்றேன். கால் போனப்புறம் மானத்த வெச்சிக்கினு நொண்டி அடிக்கிறதா?"

வெள்ளிக்கிழமை ஜட்கா வண்டி பிடித்து அவளை மில்லுக்கு அழைத்துப் போனேன். கொட்டகைக்குள் ஒரு சாக்கை விரித்து, வலது மாட்டின் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். மல்லாட்டைப் பருப்பில் கல்லும் சொத்தையும் பொறுக்குகிற பெண்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் அரை நாள் ஆட்கள்தான். அதில் வயதில் மூத்தவள் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"மாட்டுக்குப் புண்ணாக்கு வெச்சிருக்கு. தங்கச்சிக்கு இன்னா வெச்சிருக்காரு முதலாளி?"

மாட்டு டாக்டர் வந்தார். மாட்டின் கழுத்துக்கு மருந்து போட்டுவிட்டுத் திரும்பி, "யாரும்மா நீ? இங்க ஏன் உக்காந்துக்கினு கீற?" என்றார்.

"அரை நாள் மாட்டோட பொண்டாட்டிங்க" என்றாள் என் மனைவி. கட்டை அவிழ்த்துக் காலை முன்னால் நீட்டினாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனார். அங்கே புதுச்சேரியிலிருந்து வந்த வியாபாரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். முதலாளி வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"என்னை அவமானப்படுத்த வந்தியா?"

"நீங்கதாங்க கூட்டியாரச் சொன்னீங்க."

அவர் சட்டைப் பையில் கையை விட்டு நோட்டை எடுத்து நீட்டினார். "இந்தா. புடி. ஜல்தியா கூட்டிக்கினு கெளம்பு."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தப் பணத்தில் ஒரு புட்டி வாங்கலாம். அது தீர்ந்தால் மறுபடி கை நீட்ட வேண்டும். அப்போது அவர் கொடுத்தாலும் கொடுப்பார், கொடுக்காமலும் போவார். அவள் என்ன நினைக்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. மாட்டின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காசு வேணாங்க. சீட்டு குடுங்க. வேலை செய்றேன், அதுக்குண்டானது."

"உனக்குக் குடுத்தா எல்லா அரை நாளும் கேக்கும். மில்ல மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

மூத்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மாட்டுக்குக் குடுத்து மூடாத மில்லு, எங்களுக்குக் குடுத்தா மூடிக்குமா?"

முதலாளி உள்ளே போய்விட்டார். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. ஜட்காவில் திரும்பும்போது, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இருந்தாலும் மறுநாள் மதியம் போய் என் இடத்தில் நின்று மூட்டை கட்டினேன். கணக்கப்பிள்ளை, "இன்னும் வர்றியா நீ?" என்றார். "வேணாம்னு யாரும் சொல்லலீங்களே" என்றேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை.

அந்த வாரத்துக்கான மருந்துக்கு அவள் மூக்குத்தி போனது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஜட்கா. இந்தத் தடவை கொட்டகையில் நாங்கள் மட்டும் இல்லை. பொறுக்குகிற பெண்களில் மூன்று பேர் முன்பே வந்து நின்றார்கள். தூசியில் இருமல் பிடித்தவள் ஒருத்தி. கண்ணில் நீர் வடிகிறவள் ஒருத்தி. மூத்தவள் தனக்கு நோய் எதுவும் இல்லை என்றும் வரப்போகிற நோய்க்கு இப்போதே இடம் பிடிப்பதாகவும் சொன்னாள்.

மாட்டு டாக்டர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. வரிசையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார்.

"முதலாளி, நான் போறேன்."

"ஏன் டாக்டர், மாட்டப் பாக்கலியா?"

"பெரிய பேஜாரா போச்சுங்க. கடைத்தெருவுல டீ குடிக்க முடியல. 'டாக்டரே, எங்க மாமியாருக்கு ஒரு ஊசி போடுங்க, கொம்புதான் இல்ல, மத்ததெல்லாம் இருக்கு'ன்றான் ஒருத்தன். இவங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறமா வந்து மாட்டப் பாக்கறேன்."

சைக்கிளைத் திருப்பிவிட்டார். மல்லாட்டை வந்து குவிகிற பருவம் அது. வலது மாட்டுக் கழுத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. முதலாளி சைக்கிள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல், "அரை நாள் ஆளுங்களுக்கும் சீட்டு உண்டு. ஆனா வேலை செய்ற ஆளுக்கு மட்டும்தான். குடும்பத்துக்குக் கெடையாது" என்றார். என் பக்கம் திரும்பி, "சந்தோஷமா? உனக்கு உண்டு, உன் பொண்டாட்டிக்கு இல்ல" என்றார்.

"எனக்கு நோவு இல்லீங்களே" என்றேன். இவ்வளவு தூரம் வந்து கடைசிப் படியில் வழுக்கியதுபோல இருந்தது.

என் மனைவி மாட்டுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "அப்ப எனக்கு வேலை குடுங்க. உக்காந்துக்கினு பொறுக்குற வேலைதான? கையி ரெண்டும் நல்லாத்தான் கீது."

"இந்தா, இங்க வந்து உக்காரு" என்று மூத்தவள் நகர்ந்து இடம் விட்டாள். முதலாளி மாட்டின் கழுத்தில் மொய்த்த ஈயை விரட்டப் போய்விட்டார். என் மனைவி என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்து, ஒரு முறத்தை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அன்று முதல் மதியம் இரண்டு பேரும் சேர்ந்தே மில்லுக்குப் போனோம். அந்த வாரக் கூலியோடு அவள் பேருக்கும் சீட்டு வந்தது. புண் ஆற வெகுநாள் ஆனது. இரண்டு விரலை எடுத்தார்கள். கால் நின்றது.

முதல் தடவை சீட்டோடு கடைத்தெரு டாக்டரிடம் போனபோது நான்தான் அவளைத் தாங்கி அழைத்துப் போனேன். பெஞ்சில் கூட்டம். கம்பவுண்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "மில்லுல நீங்க வேலையா? இவங்க உங்க சம்சாரமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"மில்லுல வேலை செய்றது நானுங்க. இவரு கூட வந்துக்கீறாரு."