பூஜை போட்ட ஸ்லிங்

ஆயுத பூஜைக்குக் காரைக் கும்பிடுங்கள், மிக்ஸியைக் கும்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? பாறை ஏறும் சாமான் வைத்திருக்கும் என் பையில் கை வைக்க யார் சொன்னது?

பூஜை முடிந்த வாரக் கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் பாறை ஏறப் போவதாகத் திட்டம். முந்தின நாள் சாயங்காலம் அபிராமபுரம் வீட்டுக் கூடத்தில் பையைக் கொட்டினேன். பாறை உச்சியில் கயிற்றைத் தாங்கும் பிடிமானத்தை ஆங்கர் என்போம். அதை எதைக் கொண்டு கட்டுவது என்று பொறுக்கி எடுக்க வேண்டும். எடுத்த கராபினர் கொக்கியெல்லாம் சந்தனம். திருகும் மூடியின் மரைக்குள் குங்குமம் இறுகி அசையவே மாட்டேன் என்றது. பொரியோடு வைத்த வெல்லம் நைலான் பட்டைகளில் பிசுபிசுக்க, எறும்பு வேறு. தொடவே அருவருப்பாக இருந்தது.

கழுவினால் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். ஸ்லிங் என்கிற நைலான் பட்டை வளையத்தை விரலால் உருவிப் பார்த்தபோது, ஓரிடம் வழவழவென்று கெட்டிப்பட்டிருந்தது. உருகியிருக்கிறது.

பூஜை செய்தது என் கொழுந்தன். பல வருஷமாக என்னோடு பாறை ஏறுகிறவன், தெரியாதவன் இல்லை.

"தட்டு சுத்தசொல்ல கற்பூரம் வுழுந்துச்சு அண்ணி. ஒடனே அணைச்சிட்டேன். ஒண்ணும் ஆவாது."

"இதத் தூக்கிப் போடு."

"பூஜை போட்டத எப்டி தூக்கிப் போடறது? சாமி பாத்துக்கும்."

நாளை முதல்முறையாக ஏறப் போகிறவள் அவன் மனைவி. இந்தப் பட்டையை நம்பித்தான் அவள் அந்தரத்தில் தொங்க வேண்டும். சாமியை ஆங்கரில் எந்தப் பக்கம் மாட்டுவது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

"சரி, நீ ஏறும்போது இதையே போடறேன். அவளுக்குப் புதுசு," என்றேன்.

"அது இன்னா அண்ணி, எனக்கு மட்டும்?"

அவன் முகம் சட்டென்று மாறிவிட்டது. உருகின பட்டையைத் தள்ளிவிட்டு, புதியதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். எறும்பு மொய்த்த வெல்லமெல்லாம் இந்த அருவருப்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஓரகத்தி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கத்தரிக்கோல் கொண்டுவந்து, உருகின பட்டையை எடுத்து இரண்டாக வெட்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா, நாளைக்கு நான் ஏறசொல்ல கீழ நின்னு கயித்த நீங்க புடிங்க," என்றாள். "இவரு வேணாம்."