செம்பூருக்குக் கொண்டுபோன மெழுகுத் துண்டு

என் மாமியாருக்குப் பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இனி கீமோ வேண்டுமா என்பதில் டாக்டருக்கே முடிவில்லை. கட்டியில் ஒரு மரபணுக் குறி இருக்கிறதா என்று பார்த்தால், நோய் திரும்புமா என்பதை ஓரளவு கணிக்கலாம் என்றார். அதைப் பார்க்கும் லேப் இங்கே மும்பையிலேயே, செம்பூரில். கட்டியின் ஒரு துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதை வாங்கி வீட்டாரேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கணவருக்கு லீவு இல்லை. நான் போனேன்.

மே மாத வெயில். மெழுகு உருகிவிட்டால்? ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருக்கலாம். படித்தவள் இதையா கேட்பது என்று கூச்சம். வாசலில் இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, கையோடு கொண்டுபோயிருந்த மகளின் டிபன் டப்பாவில் போட்டு, துண்டு இருந்த உறையை அதன்மேல் வைத்தேன். சுனாபட்டியில் ரயில் ஏறி செம்பூரில் இறங்குவதற்குள் ஐஸ் தண்ணீராகி, உறையில் எழுதியிருந்த பெயரும் எண்ணும் கரைந்துவிட்டன. இனி இது அத்தையுடையது என்று யார் நம்புவார்கள்?

லேப் கவுண்டரில் இருந்த பெண் டப்பாவைத் திறந்தாள். “அரே, இது என்ன குல்பியா?” என்று இந்தியில் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “உட்காருங்க தீதி. இந்த மெழுகு மும்பை வெயிலுக்கெல்லாம் உருகாது” என்று நாற்காலியைக் காட்டினாள். மெழுகைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தைத் துடைத்து, அதில் அச்சாகியிருந்த எண்ணைக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்த எண் யாருடையது என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். என்னைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

“ஏட்டி, எங் கொடல ஐஸ்ல வச்சா கொண்டு போன? மீன் விக்கவா போன?” என்று, வீட்டில் நான் நடந்ததைச் சொன்னதும் அத்தை தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர், “குறி இருக்கு” என்றதும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். “பயப்படாதீங்க, இருக்கிறது நல்லது. இவங்க இருக்கிற ஸ்டேஜ்ல இந்த வகைக் கட்டி திரும்பி வர்றது குறைவு. கீமோ வேண்டாம். செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க.”

“வேண்டாம்னா வேண்டாம்தானே டாக்டர்?” என்று மறுபடியும் கேட்டேன். பொறுமையாக ஆமாம் என்றார். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும், என் கணவருக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அத்தை நின்றுவிட்டார். “எம் பிள்ளைக்கும் வந்திருமோட்டி?”

மகளையும் நினைத்து எனக்கும் அதே பயம். ஆனாலும், “முன்னாடியே தெரிஞ்சா முன்னாடியே பாத்துக்கிடலாம் அத்தை” என்றேன். சொன்ன பிறகுதான் நானும் அதை நம்பத் தொடங்கினேன்.

“அப்போ அவன விடாத. லீவு இல்லம்பான். இழுத்துட்டு வா” என்றார்.