ஒரு துளை பின்னுக்கு

பஹ்ரைனிலிருந்து ராஜகுமார் கொண்டுவந்ததில் பெரிய பெட்டியைப் பிரித்தபோது சகாயசெல்விக்குச் சிரிப்புதான் வந்தது. உள்ளே ஆளுயரப் பலகை ஒன்று. அதன் முதுகில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு ரப்பர் செருப்பை ஸ்குரூ போட்டு முடுக்கியது போல ஒரு ஏற்பாடு. ஸ்லாலம் ஸ்கீ என்றார் அவர். படகு கயிறு கட்டி இழுக்க, இரண்டு காலையும் இந்த ஒற்றைப் பலகையில் மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் வளைந்து வளைந்து போவதாம். அங்கே ஒரு கிளப்பில் படகோட்டியாகச் சேர்ந்து, ஸ்கீக்களைப் பழுதுபார்க்கக் கற்று, ஆள் வராத மத்தியானங்களில் தானும் ஏறிப் பழகியவர் அவர். மற்றவன் பெண்டாட்டிக்குத் தங்கம் வருகிறது, எனக்குப் பலகை வந்திருக்கிறது என்று கொஞ்ச நாள் சொல்லிச் சிரித்தாள்.

ஊருக்கு வந்தபிறகு வேலை எதுவும் அமையவில்லை. கூடவே வந்தது சர்க்கரை மட்டும்தான். மாத்திரையைத் தின்றும் தின்னாமலும் காலம் ஓடியது. அப்போதுதான் மணக்குடிக் காயலில் ஒரு ரிசார்ட்காரர்கள் தண்ணீர் விளையாட்டு தொடங்கப்போவதாகப் பேச்சு வந்தது. மானேஜர் நேரடியாகவே சொல்லிவிட்டார்: திறப்பு நாளில் விழாமல் ஸ்கீ ஓட்டிக் காட்டினால் பயிற்சியாளர் வேலை உமக்கு, இல்லையென்றால் கோவாவிலிருந்து ஆள் வரும். வேலை கிடைக்காவிட்டால் இவர் மறுபடி விமானம் ஏறவேண்டும் என்பது செல்விக்குத் தெரியும். கல்யாணமான காலத்திலிருந்து லீவுக்கு லீவுதான் புருஷன். இந்த ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும் என்று அவள் கோயிலுக்கு நேர்ச்சைகூட வைத்திருந்தாள்.

அவள் தம்பி ஷிபினின் வள்ளத்தில் இரண்டு என்ஜின் உண்டு. காலையில் வலையை இறக்கிவிட்டு அவன் இழுக்க வருவான். செல்வி கரையில் நிற்பாள். ராஜகுமார் எழும்புவார், கொஞ்ச தூரம் போவார், பலகையின் மூக்கு தண்ணீரைக் குத்தும், ஆள் முகம் குப்புறப் போய் விழுவார்.

"அத்தான், மீனு பிடிக்கது என் சோலியாக்கும். நீங்க எதுக்கு இப்பிடி முங்கித் தேடுதிய?" என்பான் ஷிபின்.

பைண்டிங்தான் சரியில்லை என்றார் அவர். முன்கால் மாட்டுகிற அந்த ரப்பர் உறைக்குப் பெயர் பைண்டிங். அது முன்னால் தள்ளி இருந்தால் மூக்கு குத்தும். பின்னால் தள்ளி இருந்தால் மூக்கு தூக்கும், பலகை திரும்பாது. இடம் மாற்றத்தான் வரிசையாகத் துளைகள். சாயங்காலம் முற்றத்தில் செல்வி டேப்பின் ஒரு நுனியைப் பலகையின் வால் பக்கம் அமுக்கிப் பிடிக்க, அவர் குதிகால்வரை அளந்து, "ஒரு துளை பின்னுக்கு" என்று வைத்தியர் மருந்து சொல்வது மாதிரி சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுப்பார். பழைய ஸ்குரூக்கள் துருப்பிடித்திருந்தன. வடசேரிக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தார். உள்ளே காலுக்கடியில் கிடந்த மெத்தை மக்கிப்போயிருந்தது, பிய்த்து எறிந்தார்.

மறுநாளும் விழுந்தார். இன்னொரு துளை பின்னுக்கு. அப்போது பலகை திரும்பவே இல்லை. திரும்ப முன்னுக்கு. மறுபடி விழுந்தார்.

அப்படி ஒரு காலையில் அவரை வள்ளத்தில் தூக்கிப்போட்ட ஷிபின், பைண்டிங்குக்குள் நின்ற தண்ணீர் சிவந்திருப்பதைப் பார்த்தான். சிப்பி கீறியிருக்கும் என்றார் ராஜகுமார். வீட்டில் செல்வி காலைக் கழுவிவிட்டாள். உள்ளங்காலில் ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. இன்றைக்கு வந்த புண் இல்லை. பைண்டிங்குக்குள் கையை விட்டுத் தடவினாள். பெருவிரலில் சுருக்கென்று குத்தியது. புது ஸ்குரூ துளையின் ஆழத்தைவிட நீளம். முழுக்க இறங்காமல் அதன் தலை ஒரு நெல்லளவு தூக்கிக்கொண்டு நின்றது.

அவரை அழைத்து, நல்ல காலை உள்ளே வைக்கச் சொல்வதுபோலச் சாதாரணமாக, அந்தப் புண்பட்ட காலையே வைக்கச் சொன்னாள்.

"குத்துதா?"

"என்ன குத்தணும்?"

"எழும்பி நல்லா சவிட்டிப் பாருங்க."

முழுப் பாரத்தையும் கொடுத்து நின்றார். "ஒண்ணும் இல்லியேட்டி."

அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய், கட்டைவிரலை அதே இடத்தில் அமுக்கினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்தார். கொட்டாரம் பக்கம் ஒருநாள் ஒற்றைச் செருப்பு கழன்று நடுரோட்டில் கிடக்க அவர் பாட்டுக்கு நடந்து போனதும், தான் விழுந்து விழுந்து சிரித்ததும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பாரம் விரலில் இருக்கிறதா குதிகாலில் இருக்கிறதா என்று சொல்லவேண்டிய கால் அது. அது மரத்து வாய்மூடி எவ்வளவு காலமோ. பைண்டிங்கை எந்தத் துளைக்கு மாற்றி என்ன.

புண் எலும்புவரை போயிருந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பாதிப் பாதத்தை எடுத்தார்கள். இத்தனை நாளும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று செல்வி வார்டிலேயே அழுது சண்டை பிடித்தாள்.

"நோவலியே செல்வி," என்றார். "நொந்திருந்தா சொல்லமாட்டேனா?"

ரிசார்ட்டுக்குக் கோவாக்காரன் வந்துவிட்டான். அதைச் சொல்ல வந்த ஷிபின் மீன் விலை, காற்று, கடல் என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுச் சொல்லாமலே போனான். விமானம் ஏறுகிற பேச்சும் அதோடு நின்றது. இனி அவர் எங்கேயும் போகமாட்டார்.

மற்றக் காலைத் தினமும் சோதிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலமானால் செல்வி அவரைக் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சைத் திரித்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்பாள். அவரும் சரியாகவே சொல்லிவந்தார்.

இன்றைக்கு அவள் பஞ்சைத் திரித்துக்கொண்டே, "தெரியுதா?" என்று கேட்டுவிட்டாள். அவள் கை இன்னும் தன் மடியில்தான் இருந்தது, காலைத் தொடவில்லை.

"தெரியுது. பெருவிரல்ல," என்றார், கண்ணை இறுக்கி மூடியபடி.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

பிறகு பெருவிரலில் தொட்டாள்.