தொப்பூர் இறக்கத்துக்கு ஓர் அனுமதி

ஆய்வு விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. அதைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி, அச்சம் என்ற பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் பயத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது என் கடைசி மாணவியின் ஆய்வு. நான் பணியில் இருக்கும்போதே அனுமதி வராவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகும்.

விண்ணப்பித்த நான்காம் மாதம் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு எழுத்தரிடம் போய்க் கேட்டேன்.

"உளவியல்னா பைத்தியம் பாக்கறதுதானுங்க சார்? ஃபைலை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிட்டமுங்க."

மருத்துவப் பிரிவு, ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் மனநலச் சான்று கேட்டது. அந்த இறக்கத்தில் பயப்படாத ஓட்டுநருக்குத்தான் சான்று தேவை என்று அன்றே மூன்று பிரதிகளில் பதில் எழுதினேன்.

"நீங்க ரிட்டையர் ஆவறதுக்குள்ள அனுமதி வந்துருமுங்களா சார்?" என்றாள் மாணவி.

"விதிப்படி அது எப்பவோ வந்துருச்சும்மா."

மே முப்பத்தொன்றாம் தேதி எனக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள். வழிகாட்டியின் பணிக்காலம் முடியும்வரை மட்டுமே செல்லும் என்ற குறிப்போடு, அனுமதிக் கடிதம் ஜூன் ஒன்றாம் தேதி வந்தது.